ஆறுமணிக்குருவியும் என் கைக்கடிகாரமும்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குருவிக் கூட்டத்தில் எனக்குப் பாம்புக்காது என்று பேர். மற்றவர்கள் பைனாகுலரை வைத்துப் புதரைத் துழாவிக்கொண்டிருக்கும்போது நான் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, உள்ளே இருப்பது இன்ன குருவி என்று சொல்லிவிடுவேன். சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் ஆமாங்க, கேக்குதுங்க என்பார்கள். பட்டியல் எழுதுகிற டீச்சர் நோட்டில் குறித்துக்கொள்வார். மூன்று ஐப்பசி இப்படியே நல்லபடியாகப் போனது. இதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. எனக்குக் காது கேட்காது.

முழுச் செவிடு என்று நினைத்துவிட வேண்டாம். லாரி ஹாரன் கேட்கும், இடி கேட்கும், கல்யாண மண்டபத்து மேளம் கேட்கும். எதிரே நின்று பேசினால் முக்கால்வாசி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். மெல்லிசான சத்தங்கள்தான் போய்விட்டன. குக்கர் விசில், கொலுசு, ஃபோன் மணி, குருவி. குருவி பார்க்கப் போகிறவனுக்குக் கடைசியாகச் சொன்னது கொஞ்சம் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காது போனதற்குக் காரணம் சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு நூற்பாலை. முப்பத்திரண்டு வருஷம் அங்கே நூல் நூற்கும் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் மேஸ்திரியாக இருந்தேன். சுற்றிலும் பஞ்சு. தலைமயிரில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, டிபன் பாக்ஸில் பஞ்சு. அதில் ஒரு துணுக்கை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. உதட்டைப் படிப்போம், கையால் சாடை காட்டுவோம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டவைத்து வெடுக்கென்று பிரித்துக் காட்டினால், இழை அறுந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். கூடத்தின் அந்தக் கோடியில் யாராவது அப்படிக் காட்டினால் இந்தக் கோடியில் இருக்கிற என் கால் தானாகவே ஓடும். உதடு படிப்பதில் நான் கெட்டிக்காரன். மனிதர்களோடு அதை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். குருவிக்கு உதடு இல்லை.

ஓய்வு பெற்றதும் சர்க்கரை வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் பக்கத்துக் குளத்தின் கரையைப் பூங்காவாக மாற்றியிருந்தார்கள். நடைபாதைக்கு வண்ணக் கல், வரிசையாக பெஞ்சுகள், ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி அதன் முன்னால் செல்ஃபி எடுக்க ஓர் இடம். தண்ணீர் உள்ளே வருகிற மூலையில் மட்டும் ஏனோ யாரும் கை வைக்கவில்லை. அங்கே நாணலும் புதரும் நாலைந்து புங்க மரமும் பழையபடி கிடக்கின்றன. புரட்டாசி முடிகிற சமயம் வடக்கே இருந்து வருகிற சின்னக் குருவிகள் இந்த அலங்காரம் எதையும் சட்டை செய்யாமல் நேராக அந்த மூலைக்குத்தான் போகும். சாம்பல் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், கதிர்க்குருவி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சில பங்குனி வரை இங்கேயே இருக்கும். சில இரண்டு நாள் இளைப்பாறிவிட்டுத் தெற்கே போய்விடும்.

அந்த மூலையில்தான் முதன்முதலாக இந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் புதரை முறைத்துக்கொண்டு நின்றார்கள். யாராவது குளத்தில் விழுந்துவிட்டார்களோ என்று நானும் போய் நின்றேன். அவர்களில் ஒருவர், பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்து நடத்தி மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர், என் பக்கம் திரும்பி மிகுந்த மரியாதையோடு, “கேக்குதுங்களா?” என்றார். இல்லை என்று சொல்வது எங்கள் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பந்தியில் உப்பில்லாத ரசத்தை அருமைங்க என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிக் குடிக்கிற ஜனம் நாங்கள். அவ்வளவு பணிவாக ஒருவர் கேட்கும்போது முகத்தில் அடித்தமாதிரி இல்லை என்று சொல்ல முடியுமா? நல்லாக் கேக்குதுங்க என்றேன். பக்கத்தில் நோட்டோடு நின்ற அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், என்ன குருவிங்க என்று கேட்டார். அன்று காலைப் பேப்பரில் கதிர்க்குருவி என்று ஒரு பேரைப் படித்திருந்தேன். அதைச் சொல்லிவைத்தேன். பத்தே நிமிஷத்தில் புதருக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு கதிர்க்குருவி வெளியே வந்து எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தது. அந்தக் குருவிக்கு என் மேல் என்ன விரோதமோ தெரியவில்லை.

அன்றோடு நான் பாம்புக்காது ஆகிவிட்டேன். மில்லில் பழகிய கண் எனக்கு உதவியது. இலை எங்கே அசைகிறது, டீச்சரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அந்தந்த மாதத்துக்குப் பொருத்தமான ஒரு பேரைச் சொல்வேன். வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துப் பேர்களை மனப்பாடம் செய்தேன், பள்ளிக்கூடத்தில் இவ்வளவு படித்திருந்தால் மேஸ்திரி வேலைக்கே போயிருக்க மாட்டேன். இரண்டு பேர் பார்த்தாலோ கேட்டாலோதான் பட்டியலில் சேரும் என்பது கூட்டத்தின் விதி. நான் கேட்டுவிட்டால் இரண்டாவது ஆளாகப் பவுண்டரிக்காரர் எப்போதும் தயாராக இருந்தார்.

வீட்டில் என் மனைவி மூன்று வருஷமாகக் காதுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பிடி கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் பெருந்துறையில் இருக்கிற அவளுடைய அண்ணன்தான். ஒரு காலத்தில் உறவுக்குள் எந்தப் பேச்சுவார்த்தை என்றாலும் அவர் வந்து உட்கார்ந்தால்தான் தொடங்கும். பிறகு அவர் காதில் மெஷின் மாட்டிக்கொண்டார். இப்போதும் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வருகிறது, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள், யோசனை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவருக்குக் காது கேட்காது, பாவம், விடுங்க என்று அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். மெஷின் இருப்பதால் அது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அந்த நாற்காலியை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. மில் போய்விட்டது, மேஸ்திரி என்று கூப்பிட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம்தான் நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மனைவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் மிதப்பு இருந்தது. அறுபதைத் தொட்ட பிறகும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சமையலறையில் இருந்தபடியே குரல் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து, எனக்கு நேரெதிரே நின்று, வெங்காயம் வாங்கிட்டு வாரீங்களா என்பாள். இந்த வயதிலும் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையே, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தால் மட்டும் கப்சிப். காற்று வாங்குகிறாள் என்று நானும் தொந்தரவு செய்வதில்லை.

ஐப்பசியில் எங்கள் கூட்டம் முக்கியமாகக் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்காக. பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் சிவப்பு, தோளில் ஒரு துளி நீலம், கண்ணுக்கு மை தீட்டி மிச்சத்தைப் பின்கழுத்து வரை இழுத்துவிட்டாற்போல் ஒரு கறுப்புப் பட்டை. இவ்வளவு அலங்காரத்தையும் செய்துகொண்டு புதருக்கு அடியில் சருகைக் கிளறியபடி ஒளிந்து கிடக்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளை விசிலடிப்பதால் அந்தப் பேர். பேர் வைத்த புண்ணியவான் என்னை மனதில் நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கக் காது எதற்கு, கைக்கடிகாரம் போதுமே. ஆறு மணிச் சங்குக்கு ஷிப்டு மாறியே வயதானவன் நான். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் தலையைச் சாய்ப்பேன். மூன்று ஐப்பசியிலும் அதை முதலில் கேட்டவன் நான்தான் என்று நோட்டில் இருக்கிறது. யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கூச்சப்படுகிற குருவிங்க என்று நான்தான் விளக்கமும் சொல்வேன்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை நான் கிளம்பும்போது மனைவியும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று தானும் வந்து பார்க்கப்போகிறாளாம். சேறு என்றேன், கொசு என்றேன், அவ்வளவு தூரம் நிற்க உன் முட்டி தாங்காது என்றேன். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். வழி முழுக்க எனக்கு அவளுடைய காதைப் பற்றியே நினைப்பு. அவள் மில்லுக்குள் கால் வைத்ததே இல்லை. தெருமுனையில் பால்காரர் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்கிற காது அவளுடையது.

குளக்கரையில் எல்லோரும் அவளை எழுந்து வரவேற்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் காது மாதிரி ஒரு காதை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று டீச்சர் சொன்னார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை உதட்டசைவு இல்லாமலேயே என்னால் படிக்க முடிந்தது. ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். இன்றைக்கு வரவில்லை போல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எல்லோரும் என் தலை எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் பன்னிரண்டைத் தொட்டது. என் தலை சாய்ந்தது.

“வந்துருச்சுங்க” என்றேன்.

தெளிவாக் கேக்குதுங்க என்றார் பவுண்டரிக்காரர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மனைவியின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் புதரைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம், “ஆமாங்க, கேட்டுச்சுங்க” என்றாள்.

கல்யாணமான நாளில் இருந்து அவள் ஒரு பொய் சொல்லி நான் கண்டதில்லை. மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை, அதனால் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிப்பட்டவள் என் மானத்தைக் காப்பாற்ற, முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் கூசாமல் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுக்குக் காபி குடிக்கப் போனேன்.

பவுண்டரிக்காரர் ஃப்ளாஸ்க்கில் கொண்டுவருகிற சுக்குக் காபி எங்கள் வழக்கம். புதருக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, காதைப் பழக்குவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் ஒன்றும் புரியவில்லை. வீட்டில் செய்கிற மாதிரி, ம், ம், ஆகட்டும் அம்மணி என்றேன். இன்னொரு தடவை சொன்னாள். இன்னொரு ஆகட்டும் கொடுத்தேன். அவள் போய்விட்டாள்.

நான் வகுப்பைத் தொடர்ந்தேன். தற்செயலாகத் திரும்பியபோது அவள் தூரத்தில், புங்க மரத்துக்கு அடியில், என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துவைத்து வெடுக்கென்று பிரித்தாள்.

அந்தச் சாடை அவளுக்குத் தெரியும். குழந்தைகள் சின்னதாக இருந்தபோது, ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலில் அவர்கள் தூங்குகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மில் பாஷையில்தான் கையால் பேசிக்கொள்வோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் காலுக்கு அது மறக்கவில்லை. டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினேன்.

அவள் விரலை நீட்டினாள். ஈரச் சருகின் மேல், பத்தடி தூரத்தில், ஆறுமணிக்குருவி நின்றுகொண்டிருந்தது. புத்தகத்தில் பார்த்த அதே பச்சை, அதே மை. மூன்று வருஷமாக நான் கேட்டதாகச் சொன்ன குருவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மணி ஆறே முக்கால். அதன் பேரை அது படித்திருக்கவில்லை போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலகைத் திறந்தது. தொண்டை அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திறந்தது. மறுபடியும் ஒன்றும் இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைத் தாழ்வாக ஒரு தடவை, உயரமாக ஒரு தடவை வைத்துக் காட்டினாள். முதல் சத்தம் கீழே, அடுத்தது மேலே. குருவி அலகைத் திறக்கும்போதெல்லாம் அவள் கை தாழ்ந்து உயர்ந்தது.

குருவி புதருக்குள் போன பிறகு என் எதிரே வந்து நின்றாள். உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

“அங்கதான் ரண்டு தடவ சொன்னனுங்க, பின்னால விசிலடிக்குது பாருங்கன்னு. நாலு வருசமா எதுக்கு அடுப்ப அணைச்சுப்போட்டு உங்க முன்னால வந்து நின்னு பேசறன்னு நெனைச்சீங்க?”

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் இன்று வரை சொல்லவில்லை. சொன்னால் அதை வைத்தே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

நான் ஓடியதைப் பார்த்துக் கூட்டமும் பின்னாலேயே வந்திருந்தது. குருவி உள்ளே போவதற்குள் டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள், கேட்டும்விட்டார்கள். டீச்சர் நோட்டைத் திறந்தார். ஆறு மணிக்கு நான் சொன்னதை அடித்துவிடச் சொன்னேன். அவர் மறுப்பே சொல்லவில்லை. பையிலிருந்து ரப்பரை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், மற்றவர்கள் பார்த்த குருவியெல்லாம் பேனாவில் இருந்தன. நான் கேட்ட குருவியெல்லாம் பென்சிலில் இருந்தன. பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். முதல் நாள் கதிர்க்குருவி மட்டும் பேனா, அதற்கப்புறம் மூன்று ஐப்பசியும் பென்சில்தான்.

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. “பேனாவுல எழுதிப்போட்டா அப்பறம் அடிக்கோணுமுங்க. உங்க கண்ணு முன்னால அடிச்சா நல்லாருக்காதில்லீங்களா” என்றார். வருஷா வருஷம் மார்கழியில் வீட்டில் உட்கார்ந்து, என் குருவிகளை நீக்கிவிட்டுப் புதிதாக ஒரு பட்டியல் எழுதிக் குருவிக் கணக்கெடுப்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பாம்புக்காது என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “எனக்குக் கேக்கறதில்லீங்க” என்றேன். பெருந்துறை மச்சானின் முன்வரிசை நாற்காலியை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

பவுண்டரிக்காரர் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, “எனக்குந்தானுங்க” என்றார். நாற்பது வருஷம் பவுண்டரியில் வார்ப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்த காது. நான் சொல்கிறேனே என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முதல் நாள் என்னைப் பார்த்துக் கேக்குதுங்களா என்றது மரியாதைக்குக் கேட்டது இல்லையாம். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம். இரண்டு பேர் கேட்டால்தான் சேரும் என்ற விதியை இத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேரும்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த வாரமே இரண்டு பேரும் ஒன்றாகப் போய் டெஸ்ட் எடுத்தோம். கார்த்திகை பிறக்கும்போது என் இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. ஆறுமணிக்குருவி அதற்குள் தெற்கே போய்விட்டது. அதன் விசிலை நான் இன்னும் கேட்கவில்லை, அடுத்த ஐப்பசிக்குக் காத்திருக்கிறேன். வாலாட்டி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனதை யாரோ சைக்கிளுக்கு எண்ணெய் போடவில்லை என்று நினைத்தேன். இப்போதும் டீச்சர் என்னிடம் என்னங்க கேக்குது என்று கேட்கிறார். பாதி நேரம் தெரியலீங்க என்கிறேன். மீதி நேரம் நான் சொல்வதைப் பேனாவில் எழுதுகிறார்.

மெஷின் மாட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை, குளத்திலிருந்து வண்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருப்பத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன். பின்னாலிருந்து ஒரு குரல், சாவகாசமாக, பழகிப்போன தாளத்தில், “ரோட்டுல இருக்கற குழி ஒண்ணையாச்சும் இந்த மனுசன் உட்டுப்போட்டுப் போறாரா பாரு” என்றது.

வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். காற்று வாங்கவே இல்லை அவள். நாலு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வந்திருக்கிறாள். என்னென்ன பேசினாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். சிரித்துக்கொண்டுதான் ஆட்டினாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. எத்தனை வார்த்தை ரோட்டில் விழுந்து போயிருக்கும்.

“இனி நான் எங்க போயிங்க பேசறது?” என்றாள்.

அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதனால் அன்றிலிருந்து வண்டியை எடுக்கும் முன்னால், அவள் பார்க்கும்படியாக, மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். வலது காதில் இருப்பதை மட்டும்.